ஐந்து முப்பத்தைந்துக்குச் சாத்திய கதவு

ஜூலை 14
மாணவர் சங்கக் குழுவின் முதல் கூட்டம். அழைப்பு ஐந்தரைக்கு, தலைவர் வந்தது ஆறே காலுக்கு. கல்லூரி முழுக்க அவனுக்கு ‘மைக்’ என்றுதான் பெயர். எதிரில் இரண்டு பேர் இருந்தாலும் மைதானத்துக்குப் பேசுவதுபோல் பேசுவான். வந்து உட்கார்ந்ததும், நாங்கள் பேசி முடித்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொன்னான். முப்பத்து நான்கு வருடம் புவியியல் நடத்தி ஓய்வுபெற்று, அறுபத்திரண்டு வயதில் மாலைநேரச் சட்ட வகுப்பில் சேர்ந்து, செயலாளராகவும் ஜெயித்தது இவனுக்குக் கதை சொல்லத்தானா?

குழுவில் ஐவர். பகல் வகுப்பின் சார்பில் மைக்கும், அவன் பின்னாலேயே திரியும் பொருளாளரும். இவனை எல்லோரும் ‘வால்’ என்கிறார்கள். மாலை வகுப்பின் சார்பில் நான், ஒரு நர்ஸ், ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

ஆகஸ்ட் 11
ஐம்பது நிமிடத் தாமதம். “டிராஃபிக், டீச்சர்.” அவன் தங்கியிருக்கும் விடுதி எதிர்ச் சாரியில்!

செப்டம்பர் 8
பொறுமை தீர்ந்தது. நானே ஒரு விதி எழுதிக்கொண்டு போனேன். கூட்டம் ஐந்தரைக்கு. ஐந்து முப்பத்தைந்துக்குக் கதவைச் சாத்தி வருகைப்பதிவை முடிப்பது. அதன்பின் வருபவர்களுக்கு வாக்கு கிடையாது. முதல் பீரியடில் மணி அடித்ததும் பதிவேட்டை மூடினால், மறுவாரம் வகுப்பே நேரத்துக்கு வந்துவிடும். எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்!

நர்ஸ் மட்டும் தயங்கினாள். “எனக்கு டியூட்டியே அஞ்சு மணிக்குத்தான் முடியுது, டீச்சர்.”

“அதான் அஞ்சு நிமிஷம் சேர்த்து வச்சிருக்கேனேம்மா.”

மைக் முதலில் கை தூக்கினான். அதிசயம்தான்!

நவம்பர் 3
மைக் நூலகத்தைப் பிடுங்கப் பார்க்கிறான். ஐந்தரைக்கு மேல் அந்த அறை ஆண்டு விழா ஒத்திகைக்கு வேண்டுமாம், ஆண்டு முழுக்க! நூலகர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “உங்க சங்கம் என்ன எழுதிக் குடுக்குதோ அதத்தான் செய்வோம்.” சட்டப் புத்தகங்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள். நர்ஸுக்கு வீடு ஒற்றை அறை. இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமியார். டியூட்டி முடிந்து வகுப்பு ஏழு மணிக்குத் தொடங்கும்வரை அவள் படிக்கிற ஒரே இடம் அது. “இது போச்சுன்னா நான் பாஸாக மாட்டேன், டீச்சர்” என்றாள்.

அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. எங்களுக்கு மூன்று வாக்கு, அவர்களுக்கு இரண்டு. போதாததற்கு, இன்று படிக்கட்டில் வால் என் காதருகே வந்து, “நான் உங்க பக்கம்தான்” என்றான்.

நவம்பர் 10
எழுதக் கை வரவில்லை.

மைக் ஐந்து இருபதுக்கே வந்திருந்தான். தலைவாரி, சட்டை மடிப்புக் கலையாமல். நர்ஸ் வரவில்லை. ஐந்து முப்பத்தைந்துக்குக் கதவைச் சாத்தினேன். ஐந்து நாற்பத்தொன்றுக்குத் தட்டினாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை, மூச்சிரைத்தது. அடுத்த ஷிஃப்டுக்காரி வரத் தாமதமாம்.

மெக்கானிக் சொன்னார்: “வார்டுலருந்து ஓடி வந்திருக்காங்க. விடுங்க டீச்சர்.”

மைக் சிரித்தான். “எனக்கு ஆட்சேபணை இல்லப்பா. டீச்சர் போட்ட விதி. டீச்சரே சொல்லட்டும்.”

அந்தச் சிரிப்பு! அதன் எதிரில் என்னால் இறங்கிவர முடியவில்லை. வால்தான் நம் பக்கம் ஆயிற்றே, இவள் இல்லாமலே ஜெயிக்கலாம், விதியும் நிற்கும் என்று ஒரு கணக்கு. “விதி விதிதான்” என்றேன். அவள் வெளியே நின்றாள்.

வால் என் முகத்தைப் பார்க்காமல் மைக்கோடு கை தூக்கினான். இரண்டுக்கு இரண்டு. சமமானால் தலைவரின் வாக்கு முடிவு.

பாவி. இரண்டு பாவிகள். இல்லை, மூன்று.

நவம்பர் 11
வீட்டுக்காரர் சமாதானம் சொல்கிறாராம்: “அறுபது பிள்ளைங்கள அதட்டி உக்கார வச்சவ, அஞ்சு பேருகிட்ட தோத்துட்டியாக்கும்.” தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன்.

டிசம்பர் 8
மறுவாக்கெடுப்பு கேட்டேன். முடிந்த விஷயத்தை ஓராண்டுக்குள் திரும்ப எடுக்கக் கூடாதாம். சங்க விதிப் புத்தகத்தின் பக்க எண்ணோடு மைக் சொன்னான். “உங்களப் பாத்துதான் விதியெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன், டீச்சர்.” கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. என் பணிக்காலம் முழுக்க ஒரு பிள்ளையைக்கூட நான் அடித்ததில்லை.

மெக்கானிக் இப்போதெல்லாம் என் பக்கத்தில் உட்காருவதில்லை.

பிப்ரவரி 2
நூலக ஜன்னல் வழியே பார்த்தேன். மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் பேருந்து நிறுத்தத்து விளக்கின் கீழ் நோட்டோடு நின்றாள். என் குறிப்புகளைக் கொடுக்கப் போனேன். “எங்கிட்ட இருக்கு, டீச்சர்” என்றாள். இல்லை என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 19
படிப்பிலிருந்து விலகும் படிவத்தோடு வந்தாள். அதில் சங்கச் செயலாளரின் கையெழுத்துக்கு ஒரு கட்டம். இரண்டு பாடத்தில் போய்விட்டதாம். மூன்றாவதை எழுதவே இல்லையாம்.

“கொஞ்சம் பொறும்மா. நான் முதல்வரப் பாத்துப் பேசுறேன்.”

“வேணாம். ஆறு மணிக்கு எனக்கு பஸ்.”

“என் மேல கோபம் இருக்கும்...”

“கோபமெல்லாம் இல்ல. அதுக்கு நேரமில்ல, டீச்சர்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். பேனாவை என் கையில் திருப்பித் தராமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 13
கடைசிக் கூட்டம். நான்கு பேர். ஐந்தரைக்கே தொடங்கியது. மைக் எழுந்து, இவ்வளவு ஒழுங்காகச் சங்கம் என்றைக்குமே நடந்ததில்லை என்று செயலாளருக்கு நன்றித் தீர்மானம் கொண்டுவந்தான். கேலி இல்லை, மனதாரத்தான் சொன்னான். வால் வழிமொழிந்தான். மெக்கானிக் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரும் கையைத் தூக்கினார்.

ஒருமனதாக நிறைவேறியது. நடவடிக்கைக் குறிப்பில் அதை என் கையாலேயே எழுத வேண்டியிருந்தது.