பச்சை வாயு கீழே இறங்கும்

நாள் 212, காலை 9.10. செவ்வாய், பனிநீர் நிலையம்

இதைக் கண்டெடுப்பவர் என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வரி முடிப்பதற்குள் காபி ஆறிப்போகிறது. என் பெயர் முப்பிடாதி. குழாய் வேலை. வயது அறுபத்தெட்டு. இங்கே இயந்திரங்கள் எல்லாம் பேசும், நாம் சொல்வதைக் கேட்கும். அதனால் எழுத்துத் தெரியாமலே காலம் ஓடிவிட்டது. போன புழுதிப் புயலில் அவற்றின் குரல் போயிற்று. இனிப் பதிவு எழுதுவது கையால்தான். நிலையத்தில் இரண்டே பேர். பொறியாளர் ரெஜினாதான் எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தாள். வாரம் ஒருமுறை திருத்துவதும் அவள்தான்.

இன்று ரேடியோவில் அவள்:

"அண்ணாச்சி, எழுதுதியளா, குழாய் வளைக்கியளா? ஒவ்வொரு எழுத்தும் கொக்கி மாதிரில்லா இருக்கு!"

"தொங்கவிட்டா தாங்கும் தாயி."

பணி: குளோரின் அறை எச்சரிக்கைப் பலகையை முதல்முறையாக நானே படித்தேன். குளோரினை இந்த மண்ணிலிருந்தே பிரிக்கிறோம். உருகிய பனிநீரில் கிருமியைக் கொல்வதும், துணி வெளுப்பதும் அதுதான். மஞ்சள் கலந்த பச்சை. மூக்கைக் குத்தும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும். நுரையீரலின் ஈரத்தில் அமிலமாகும். கசிந்தால் மேலே ஏறு. நின்று இரண்டு முறை படித்தேன். இத்தனை வருடம் அந்தப் பலகையில் சாவி மாட்டியிருக்கிறேன்.

ரெஜினாவிடம் ஒப்பித்தேன். ரேடியோவில் கைதட்டல் கேட்டது.

நாள் 215, பகல் 11.40 (நடந்த நேரம். எழுதுவது பிறகு)

குளோரின் சிலிண்டரில் வால்வு உடைந்துவிட்டது. ரெஜினா அடுத்த கூடத்தில் வடிகட்டி மாற்றிக்கொண்டிருந்தாள். நான் மேல்தளத்தில். மணி அடித்தது. எல்லா ஆபத்துக்கும் இப்போது ஒரே மணிதான். கேமராத் திரையில் பச்சையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ரேடியோவில் கத்தினேன்:

"கீழ ஓடு தாயி! பாதாள அறைக்கு ஓடு!"

புயல் மணிக்கு அப்படி ஓடித்தான் பழக்கம். வாய் பழையதைச் சொல்லிவிட்டது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாயு பின்னாலேயே படியிறங்கி அந்தக் கதவின் முன்னால் குளம் கட்டிவிட்டது.

"அண்ணாச்சி, கதவு ரப்பர் வழியா வருது. கண்ணு எரியுது. இது புயல் இல்லியே?"



பகல் 12.25

காஸ்டிக் சோடா கரைசலைத் தெளித்தால் குளோரின் அதில் அடங்கும். தெளிக்கும் மோட்டார் ஓடவில்லை. கைவால்வு படிக்கட்டின் அடியில். முகமூடிகள் வாயு நிறைந்த கூடத்தில் தொங்குகின்றன. ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். திறந்தேன். மழை போலக் கொட்டியது. ரெஜினா வெளியே வந்தாள். நடக்கிறாள், பேசுகிறாள்.

பிற்பகல் 3.05

ரெஜினா வண்டியில் பக்கத்து நிலையத்துக்குப் போயிருக்கிறாள். ஆக்சிஜனும் மருத்துவரும் எனக்காக. வெறும் இருமல் என்றேன். ரேடியோவில் திட்டுகிறாள்:

"நடக்காதிய, சாய்ஞ்சு உக்காருங்க. இப்ப ஒண்ணுமில்லாத மாதிரிதான் இருக்கும். பொறவு நெஞ்சுல தண்ணி கோத்துக்கும். புயல்னு நெனச்சுக் கீழ ஓடச் சொன்னிய. யாருக்கும் வரும். அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதிய."

"ஆமா தாயி. புயல்னுதான் நெனச்சேன்."

பொய். கைதட்டியவளிடம் வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாயால் சொல்ல வெட்கம். அதனால் எழுதுகிறேன். இந்த நேரத்திலும் ஒரு வரி நேராக வந்தால் மனம் குளிர்கிறது. அதுவும் வெட்கமாக இருக்கிறது.

மாலை 4.20

மூச்சு பாதிதான் உள்ளே போகிறது. வாயில் ரோஸ் நிறத்தில் நுரை.

"இன்னும் கொஞ்ச தூரந்தான் அண்ணாச்சி. பேசிக்கிட்டே இருங்க. அண்ணாச்சி?"

பேசினால் இருமல். எழுதினால் இல்லை.

ரெஜினா, பச்சையைப் பார்த்தேன். அது குளோரின் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உன்னைக் கீழே அனுப்பினேன்.

திட்டுவதை ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிவிடு. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வேன். அடுத்த வாரம் அதற்குப் பதில் எழுதுகிறேன். மெதுவாகத்தான்