பூட்டுக் கம்பெனியும் பெரியவரும்

மார்ச் 4

பூட்டுக் கம்பெனிப் பங்கு இன்று முப்பத்தொன்று ரூபாய். இரண்டு வருடத்துக்கு முன்னால் நூற்றெண்பது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் பேட்டரிக் கம்பெனிப் பங்காக வாங்கித் தள்ளுகிறார்கள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே ரூமுக்கே வந்து கேட்டார். "ஏம்மா, இந்தக் காலத்துல போய் பூட்டா? அதை யாரும்மா வாங்குவாங்க?" யாரும் வாங்காததால்தான் சார் நான் வாங்குகிறேன் என்றேன். எக்ஸ்ரே எடுக்கிற எனக்கே தலையை ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிடுவாரோ என்றிருந்தது அவர் பார்த்த பார்வை.

இது என் பிறவிக் குணம். நசுங்கிய டப்பா, கடைசித் துண்டுத் துணி, நாலு வீட்டில் வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை - எல்லாவற்றையும் ஆசை ஆசையாக எடுத்துக்கொண்டவள் நான். மாப்பிள்ளை விஷயத்தில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

கணக்கு எளிது. கம்பெனிக்குக் கடன் கிடையாது. அது நிற்கிற நிலத்தை மட்டும் விற்றாலே, மொத்தக் கம்பெனிக்கும் சந்தை போட்டிருக்கிற விலையைவிட அதிகம் தேறும். ஒருநாள் இது எல்லோருக்கும் உறைக்கும். அந்த ஒருநாள் டிசம்பருக்குள் வந்தாக வேண்டும். வீட்டுக்கார அம்மா, நாங்கள் வாடகைக்கு இருக்கிற இந்த வீட்டை விற்கப் போகிறார். டிசம்பர்வரை எங்களுக்காகப் பொறுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதை வாங்க முன்பணத்துக்கென்று நான் சேர்த்ததுதான் இப்போது பூட்டாக இருக்கிறது.

ஏப்ரல் 17

இருபத்தாறு. இன்னும் மலிவு. என் கொள்கைப்படி நான் சந்தோஷப்பட வேண்டும். சோறு இறங்கவில்லை.

மாஸ்டர் என் தட்டையே பார்த்தார். என் வீட்டுக்காரர்தான். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர் என்பதால் தெருவே அப்படிக் கூப்பிடுகிறது, நானும் சேர்ந்துகொண்டேன்.

"இறங்கிடுச்சா?"

"ம்."

"இறக்கத்துல பிரேக்கை மிதிக்கணும். நீ ஆக்ஸிலேட்டரை மிதிக்கறே."

"இது காரு இல்லீங்க. ரொம்பச் சின்ன கம்பெனி. ஒருத்தர் ஆயிரம் பங்கு வாங்கினாக்கூட விலை ஏறிடும். அந்த ஒருத்தர்தான் வர மாட்டேங்கறாரு."

"ஆயிரமா? அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மே 6

வந்துவிட்டார்! நான் இன்று வாங்கவில்லை. ஆனாலும் ஆயிரம் பங்கு கைமாறியிருக்கிறது. விலை ஏறியிருக்கிறது. யார்?

மே 14

மறுபடியும் ஆயிரம். விலை சரிகிற நாளாகப் பார்த்துத்தான் வாங்குகிறார். பதற்றமே இல்லாத மனுஷர். நரைத்த தலை, தங்க பிரேம் கண்ணாடி, பரம்பரைப் பணம், எல்லாம் எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. பெரியவர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"பெரியவருக்கு உள்விஷயம் ஏதோ தெரிஞ்சிருக்குங்க" என்றேன்.

மாஸ்டர் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இருக்கும், இருக்கும்."

ஜூன் 22

பெரியவர் வாங்கினார். நானும் வாங்கினேன்.

ஆகஸ்ட் 11

பெரியவர் இன்று இரண்டாயிரம்! அவ்வளவு பெரிய மனுஷரே துணிந்து வாங்கும்போது எனக்கென்ன பயம்? மிச்சம் வைத்திருந்ததையும் போட்டுவிட்டேன். ராத்திரி இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன். மாஸ்டருக்கும் வாயெல்லாம் பல். அவருக்கு என்ன புரிந்ததோ.

செப்டம்பர் 23

எப்படி எழுதுவது?

இன்று கம்பெனியின் ஆண்டுக் கூட்டம், தொழிற்சாலை கேன்டீனில். பங்கு வைத்திருப்பவர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். வீட்டில் டியூட்டி என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். பெரியவரைப் பார்த்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. மொத்தமே பத்துப் பதினோரு பேர், அதில் பாதி பிஸ்கட்டுக்கு வந்தவர்கள். நரைத்த தலை ஒருவர் நின்றிருந்தார். இவரேதான் என்று பயபக்தியோடு கும்பிட்டேன். அவர் கேன்டீன் கான்ட்ராக்டர்.

முதல் வரிசையில் உட்கார்ந்து நிலத்தைப் பற்றிக் கேட்டேன். தலைவர் சிரித்தார். "அது எங்கப்பா வாங்கின நிலம்மா. நான் இருக்கற வரைக்கும் ஒரு அடிகூட விக்க மாட்டேன்." அவருக்கு வயது நாற்பதுகூட இருக்காது. என் மொத்தக் கணக்கும் அந்த இடத்திலேயே பணால்.

அப்போது பின்னால் கதவு திறந்து யாரோ தாமதமாக வந்து உட்கார்ந்தார்கள். "வேற யாராவது?" என்றார் தலைவர்.

"சார், விலை எப்ப சார் ஏறும்? வீட்டுல ஒருத்தங்க சரியாவே சாப்பிட மாட்டேங்கறாங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

பஸ்ஸில் கேட்டேன். "நீங்களா?"

"ஆயிரம் வாங்கினா ஏறும்னு நீதானே சொன்னே? ஏறினா நீ சாப்பிட்டே."

"எந்தக் காசு?"

"ரெண்டாவது காருக்கு வெச்சிருந்தேன்ல..."

"எவ்வளவு போச்சு?"

"அதான், எல்லாமே."

"அடக் கடவுளே! நீங்க வாங்கறதைப் பார்த்துத்தானே நான் வாங்கினேன்!"

"நீ சிரிச்சே. அதனால நானும் வாங்கினேன்."

கண்டக்டர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் அழுதேனா, சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. உலகம் மொத்தமும் வேண்டாம் என்ற பங்கை ஒரே வீட்டில், ஹாலில் நானும் அடுப்படியில் அவரும் மாற்றி மாற்றி வாங்கியிருக்கிறோம். மேதை மாதிரி பேசினேனே, மடச்சி!

அக்டோபர் 30

விற்கப் போட்டேன். விலையைக் குறைத்தும் போட்டேன். ஈ காக்கை வரவில்லை. எப்படி வரும்? பெரியவர் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்.

டிசம்பர் 2

வீட்டை வேறு ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டார்கள். வீட்டுக்கார அம்மாதான் அழுதார். மாஸ்டர் ஸ்டூலில் ஏறி, ஜன்னலில் தான் போட்ட கொக்கியைக் கழற்றினார்.

"விடுங்களேன் அதை" என்றேன்.

"இது நம்ம காசு" என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

என் முட்டாள்தனத்தால் போன வீடு இது. எப்படி மாற்றி எழுதினாலும் அதுதான் வருகிறது.

ஜனவரி 19

புது வாடகை வீடு. இரண்டே அறை, நல்ல காற்று. வாசல் கதவுக்கு மாஸ்டர் எங்கள் கம்பெனிப் பூட்டையே வாங்கி வந்திருக்கிறார். சாவி உள்ளே போனால் வெளியே வர அடம்பிடிக்கிறது. எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்கிறார். பங்குதாரர், விட்டுக்கொடுக்க மாட்டார்.

சாயங்காலம் பழக்கதோஷத்தில் விலையைப் பார்த்தேன். நாலாயிரம் பங்கு கைமாறியிருக்கிறது.

நேரே அடுப்படிக்குப் போனேன். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். "சத்தியமா நான் இல்ல. நீதான்னு நினைச்சு நானே கேக்கலாம்னு இருந்தேன்."

"எங்கிட்ட ஏதுங்க காசு?"

அவர் அடுப்பை அணைத்தார்.

"அப்போ யாரு?" என்றார், யாரோ பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி மெதுவாக.

யாரோ. எங்கேயோ நசுங்கிய டப்பா வாங்குகிற இன்னொரு ஜென்மம். பாவம், அந்த வீட்டில் இன்றைக்குச் சோறு இறங்கியதோ என்னவோ. எனக்கு மாஸ்டர் இரண்டாம் தடவை போட்டார்.