நீ தேய்த்த பின், நான் கடைந்த புஷ்

மச்சான்,

நேற்று மத்தியானம் செங்கல்பட்டு ரயில்வே கேட்டில், நம் பட்டறை சாமான் செய்து கொடுத்த அந்தக் கார் ஒன்று வந்து நின்றது. வெண்ணெய் நிறம். பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் தாராளமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்திக் காது கொடுத்தேன். எஞ்சின் ஓடுவதே தெரியவில்லை. சூடான ஆயிலும் புதுத் தோல் சீட்டும் கலந்த வாசனை மட்டும் வந்தது. அந்த எஞ்சினுக்குள் நான் கடைந்த புஷ் ஆறு இருக்கும். நீ தேய்த்த இரும்புப் பின் ஒன்றுகூட இருக்காது. சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஆனால் கேட் திறந்து கார் போகிறவரை உன் நினைப்புதான், அதுவும் நல்ல நினைப்பு இல்லை. நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. எனக்கு உன்மேல் உள்ள பொறாமை இன்னும் போகவில்லை.

கருங்குழியில் உன் அப்பாவும் படாளத்தில் என் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர்கள். நாம் இருவரும் ஒரே நாளில் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்துப் பட்டறையில் சேர்ந்தோம். பிறகு நான் உன் தங்கையைக் கட்டிக்கொண்டேன். மெட்ராஸ் கம்பெனி புதிதாக ஒரு பெரிய குடும்பக் கார் செய்யப் போகிறது, எஞ்சினின் சின்னச் சாமான்களை வெளிப் பட்டறைகளில் வாங்கப் போகிறது என்று முதலாளி சொன்னபோது, நமக்கு வந்தது இரண்டு சாமான். பிஸ்டனைக் கோத்துப் பிடிக்கும் பின்னை நீ தேய்க்க வேண்டும். அந்தப் பின் உள்ளே ஆடுகிற வெண்கல வளையத்தை, அந்த புஷ்ஷை, நான் கடைய வேண்டும்.

மாதிரி பார்க்க வந்த இன்ஜினீயர் உன் பின்னை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருக்கிறது, நீ மெட்ராஸுக்கே வந்துவிடேன் என்றார். என் புஷ்ஷை எடுத்தார், அளந்தார், பெட்டியில் போட்டார். ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் உன் தங்கை அதற்குள் சங்கதி தெரிந்து, அண்ணன் கை வைத்தால் எதுவும் அப்படித்தான் என்று பூரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நான் லேத்தில் நின்றது ஆத்திரத்தில். ஒரு பெட்டி புஷ் கடைந்தேன், ஒன்றின் துளையையும் கேஜ் போட்டு அளந்து பார்க்கவில்லை.

அந்தப் பெட்டியிலிருந்துதான் முதல் காருக்குப் போனது. ஓட்டிப் பார்க்க மகாபலிபுரம் வரைக்கும் போகிறோம், பட்டறையிலிருந்து ஒருவர் வரலாம் என்று இன்ஜினீயர் காரோடு வந்து நின்றார். முதலாளி உன்னைக் காட்டினார். உன் சட்டையெல்லாம் எண்ணெய். என் வெள்ளைச் சட்டையைக் கேட்டாய், கழற்றிக் கொடுத்தேன். என் சட்டையைப் போட்டுக்கொண்டு நீ முன்சீட்டில் ஏறியதைப் பனியனோடு நின்று பார்த்தேன். அந்தக் கார் வழியில் நிற்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். இதை எழுதக் கை கூசுகிறது.

நின்றது. திருக்கழுக்குன்றம் தாண்டி, கடற்காற்று வரத் தொடங்குகிற இடத்தில். பஸ் கண்டக்டர் வந்து சேதி சொன்னார். டூல்ஸோடு அதே பஸ்ஸில் ஏறியபோது எனக்குள் இருந்தது சந்தோஷம், மச்சான். போய்ப் பார்த்தால் நீ காருக்கு அடியில் கிடந்தாய், என் சட்டை மண்ணும் கிரீஸுமாக.

லாரியில் கட்டிப் பட்டறைக்கு இழுத்து வந்து மறுநாள் காலையில் எஞ்சினைப் பிரித்தோம். மூன்றாவது பிஸ்டனில் பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று கவ்வி, நீலம் பாய்ந்து, வரிவரியாகச் சிராய்த்துக் கிடந்தன. பின் பெரிதா, புஷ்ஷின் துளை சிறிதா என்று இனி அளந்து சொல்ல முடியாது. இன்ஜினீயர் கை கழுவப் போன நேரத்தில் நீ என் பெட்டியில் மிச்சமிருந்த ஒரு புஷ்ஷை எடுத்துக் கேஜைச் செருகினாய். பாதியில் நின்றது, துளை சிறிது. என்னைப் பார்த்தாய். பெட்டியைக் காலால் உன் மெஷினுக்கு அடியில் தள்ளினாய்.

அவர் திரும்பி வந்ததும் நீயே முன்னால் போய், "பின்னு நான் தேச்சது சார். கொஞ்சம் பெருசா வுட்டுட்டேன்" என்றாய்.

நான் அங்கேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பின் தேய்க்கிற வேலை வேறு பட்டறைக்குப் போயிற்று. உனக்கு வரவிருந்த மெட்ராஸ் வேலையும் அத்தோடு போயிற்று. நீ கிணற்றுப் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைய உட்கார்ந்தாய். நான் அதன் பிறகு ஒவ்வொரு புஷ்ஷையும் மூன்று தரம் அளந்தேன், நல்ல பெயர் வாங்கினேன். ஒரு நாள் தாங்க முடியாமல், ஏன் அப்படிச் சொன்னாய் என்று உன்னிடம் கேட்டேன். நீ மெஷினை நிறுத்தவில்லை. "உனுக்காகவா பண்ணேன்? தங்கச்சி முழுவாம கீது. அது வூட்ல அடுப்பு எரியணும், அவ்ளோதான்" என்றாய். என்மேல் வைத்த பிரியம் என்று நினைத்துக்கொள்ளக்கூட இடம் வைக்கவில்லை.

பிறகு காமாலை வந்தது, பத்தே நாளில் நீ போனாய். சாவுக்கு வந்தவர்களில் ஒருவர், பாவம், அந்த ஒரு பின்னில் கை தவறாமல் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பான் என்று சொன்னார். நான் தலையாட்டினேன்.

நேற்று அந்தக் காரைப் பார்த்தபின் பட்டறைக்குப் போகப் பிடிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பினேன். உன் தங்கை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேஜ் போடாதது, சட்டை கொடுத்தது, கார் நிற்க வேண்டிக்கொண்டது, வாய் மூடி நின்றது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியும். அண்ணன் அன்னிக்கே வந்து சொல்லிட்ச்சி. நீயா சொல்ற வரிக்கும் கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினு போச்சு" என்றாள்.

நாலு வருஷம், மச்சான். எல்லாம் தெரிந்துகொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், உனக்குக் கொடுத்த வாக்குக்காக. எனக்காக அவள் அப்படி எதைக் காப்பாற்றுவாள் என்று யோசித்தேன். அங்கேயும் நீதான் முன்னால் நின்றாய்.

முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நீ எப்டியும் ஒரு நாளு சொல்லுவேன்னு அண்ணன் சொல்லிச்சு."

நானே என்னை நம்பாத நாலு வருஷம் நீ என்னை நம்பியிருக்கிறாய். அதற்கும் பொறாமைதான் வருகிறது. இது என்னோடு கடைசிவரை இருக்கும் போலிருக்கிறது. இருக்கட்டும். நாளைக் காலை பட்டறையில் எல்லோரும் வந்த பிறகு, முதலாளியிடம் அந்தப் பின் சரியாகத்தான் இருந்தது என்று சொல்லப் போகிறேன்.