காதில் இருந்தது அழுக்கு இல்லை

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வணக்கம். அம்மா, உன் இருமல் விட்டதா?

என் முதுகுவலிக்கு நாலு டாக்டர் பார்த்தாயிற்று. ஒருவர் மெத்தையை மாற்றச் சொன்னார். இன்னொருவர் மூட்டை தூக்காதே என்றார். கிடங்கில் மூட்டை தூக்காமல் பூவா தொடுப்பார்கள்? மூன்றாமவர் மனக்கவலை என்றார். நாலாவது டாக்டரம்மா முதுகைத் தொடவே இல்லை, காதைப் பிடித்துப் பார்த்தார். லீவில் வந்தபோது, “காதைத் தேய்ச்சுக் குளிடா” என்று திட்டினாயே, அந்தக் கருநீலத்தைத்தான்.

“குழந்தையில மூத்திரத்துணி கறுத்துப்போகுமா?” என்று கேட்டார். நம் வீட்டுக் கதை இவருக்கு எப்படித் தெரியும் என்று விழித்தேன்.

பரம்பரைக் கோளாறாம். உடம்பில் ஏதோ ஒன்று கரையாமல் கறுத்து காதிலும் முதுகெலும்பிலும் படிகிறது, மூத்திரத்திலும் போகிறது. அப்பா உனக்கு அத்தை மகன்தானே, இரண்டு பேரிடமும் ஒளிந்திருந்து எனக்குச் சேர்ந்து வந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, அழுது வைக்காதே.

இடுப்பில் இறுக்கிக் கட்ட உன் பழைய பருத்திச் சேலை ஒன்று அனுப்பு. புதுசு வேண்டாம், நீ கட்டியதே போதும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. ஒன்று மட்டும். “பிள்ளைத் துணி துவைக்கத் தெரியாதவ” என்று இன்னும் சொல்லிக்காட்டுகிற என் அத்தையிடம் இதை வாசித்துக் காட்டு. அந்தக் கறை சோப்புப் பட்டால்தான் இன்னும் கறுக்குமாம். நீ நன்றாகத்தான் துவைத்திருக்கிறாய்.

உன் மூத்தவன்