அக்காவின் மூன்று நொடி

மார்ச் 4, திங்கள்
பேருந்தில் ஒருவன் என்னை அடையாளம் கண்டுகொண்டு, அவன் மொழியில் "அ-அ-அடுத்தவர்" என்றான். நானும் பல்லைக் காட்டினேன். இந்த நாட்டுக்கு வந்த முதல் எட்டு வருஷம் நாய்கூடச் சீண்டவில்லை. இப்போது வாராவாரம் விக் வைத்து, டோக்கன் கவுண்டரில் ஆட்களைக் கூப்பிடும் பெண்ணாக டிவியில் திக்கினால் போதும், ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது.

மார்ச் 10, ஞாயிறு
வழக்கம்போல அக்காவிடம் போனில் பேசினேன். சின்ன வயதில் நான்தான் அவளுக்கு வாய். கடையில் என் முழங்கையைக் கிள்ளுவாள், நான் கேட்டு வாங்குவேன். நான் கிளம்பி வந்த பிறகு கிள்ள ஆளில்லை, அவளே பேச ஆரம்பித்தாள். இப்போது ஆஸ்பத்திரியில் டோக்கன் கவுண்டர். நாள் முழுக்க ஆட்களைக் கூப்பிடுகிற வேலை.

"நீ போ-போனதாலதான்டா எனக்குப் பேச வந்துச்சு" என்றாள்.

என் கையில் பேனா. எந்தச் சொல்லில் சிக்கினாள், எத்தனை நொடி என்று இதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். மூன்று நொடி நிறுத்தினால் சிரிப்பு வரும், நாலாவது நொடியில் செத்துவிடும் என்பார் இயக்குநர். அக்காவுக்குக் கச்சிதமாக மூன்று.

டிவியில் என்ன வேஷம் என்று கேட்டாள். ஆபீஸ் கிளார்க் என்றேன்.

மார்ச் 22, வெள்ளி
விருது கிடைத்துவிட்டது! மேடையிலும் அதையே செய்யச் சொன்னார்கள். செய்தேன்.

மார்ச் 24, ஞாயிறு
அக்கா போனை எடுக்கவில்லை. இரண்டு தடவை.

மார்ச் 26, செவ்வாய்
அக்கா மகள் கூப்பிட்டாள். விருது மேடை வீடியோ அங்கே எல்லார் போனுக்கும் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் யாரோ அக்காவிடம் காட்டியிருக்கிறார்கள்.

"முதல்ல அம்மா சிரிச்சாங்க மாமா. என் தம்பின்னு எல்லார்கிட்டயும் காட்டுனாங்க. அப்புறம் நீங்க திக்கிட்டே அம்மா மாதிரியே காதுக்குப் பின்னாடி முடியை ஒதுக்குனீங்கல்ல... போனைக் கவுத்து வச்சுட்டாங்க."

கோபமா என்று கேட்டேன். கோபப்பட்டால்கூடத் தேவலாம் என்றாள். இப்போது வரிசையில் நிற்பவர்கள் அக்கா வாயைத் திறக்கும் முன்பே "அ-அ-அடுத்தவர்" என்கிறார்களாம்.

ஏன்டா செஞ்சே என்று என்னையே கேட்டுக்கொண்டேன். உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு? கிடைச்சாங்க. அவங்களை மாதிரி நடிச்சப்போ யாரும் சிரிக்கல.

கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். கிழித்து என்ன ஆகப்போகிறது?

ஏப்ரல் 5, வெள்ளி
இன்று நேரடி ஒளிபரப்பு. யாரிடமும் சொல்லாமல், கவுண்டர் பெண்ணைத் திக்காமல் பேச வைத்தேன். "அடுத்தவர்" என்றேன், தெளிவாக. அரங்கம் காத்திருந்தது. ஒரு நொடி, இரண்டு, மூன்று. பின்வரிசையிலிருந்து ஒருவன் "அ-அ-" என்று எடுத்துக்கொடுத்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிரமாதம், வாராவாரம் இப்படியே செய் என்று இயக்குநர் முதுகில் தட்டினார்.

நான் விட்டாலும் இனி இவர்கள் விடமாட்டார்கள். ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 19, வெள்ளி
அக்காதான் கதவைத் திறந்தாள். பையை வாங்கிக்கொண்டாள், சாப்பாடு போட்டாள். கவுண்டர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். இப்போது பழைய ஃபைல்கள் கட்டுகிற அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று மகள் சொன்னாள். வீட்டிலும் தலையாட்டுவதோடு சரி.

காலில் விழுந்து அழுதேன் என்று எழுத ஆசை. விழவில்லை. அதுவும் நடிப்பு என்று நினைத்துவிடுவாளோ என்ற பயம். "தப்பு பண்ணிட்டேன்க்கா" என்று மட்டும் சொன்னேன். என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு
சமையலறை பல்பு போய்விட்டது. அக்காவோடு தெருமுனைக் கடைக்குப் போனேன். எங்கள் முறை வந்தது. கடைக்காரர் அக்காவைப் பார்த்து என்ன வேண்டும் என்றார். அவள் வாய் லேசாகத் திறந்தது. பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள்.

மூடிக்கொண்டாள்.

என் முழங்கையில் ஒரு கிள்ளு.

"இதே மாதிரி பல்பு ரெண்டு குடுங்க" என்றேன்.

பல்பை எடுத்துத் தந்தபடி, "உங்க தம்பியாம்மா?" என்று அவளிடம் கேட்டார்.

அதற்கும் நான்தான் பதில் சொன்னேன்.