தங்கையின் பெயரில் எழுதப்பட்ட கடனை நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
பொத்தான் மொத்த வியாபாரி,
சந்தைக் கட்டடம், முதல் மாடி.

பெறுநர்:
துணை ஆணையர் அம்மையார்,
வெளிநாட்டு விலைத் தணிக்கைப் பிரிவு,
வருமான வரி அலுவலகம்.

பொருள்: விலை வித்தியாசத்தைக் கடனாகக் கருதிய இரண்டாம் கட்டச் சரிக்கட்டல் – கடன் உறுதிக் கடிதமின்றி ஒருமுறை வரி செலுத்த அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

1. வெளிநாட்டில் கடை வைத்திருக்கும் என் தங்கைக்கு ஏழு ஆண்டுகள் பொத்தான்களைச் சந்தை விலையைவிடக் குறைத்து விற்றேன். அவள் நிறுவனத்தில் எனக்கும் பங்கு உண்டு. தங்கள் தணிக்கையாளர் இதைக் கண்டுபிடித்து, பெட்டிக்கு 28 ரூபாய் அல்ல, 40 ரூபாய் என்று கணக்கிட்டு வரி விதித்தார். கட்டிவிட்டேன். அவர் போட்டது நியாயமான விலை.

2. அவள் கணவர் இறந்த வருடம் அடக்க விலையான 28-க்குக் கொடுக்கத் தொடங்கினேன். "நீ நிமிர்ற வரைக்கும்" என்பது பேச்சு. மூன்றாம் ஆண்டே அவள் நிமிர்ந்துவிட்டாள். நான்தான் பழைய விலைப்பட்டியலையே எடுத்து, தேதியை மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒற்றைக் காசுக்கு மல்லுக்கட்டும் ஆள் என்று என்னைச் சந்தையே சொல்லும். அந்த ஒரு எண்ணைத் திருத்த மட்டும் எனக்குக் கை வரவில்லை.

3. இப்போது இரண்டாம் ஆணை வந்திருக்கிறது. அந்த வித்தியாசத் தொகை அவளிடமிருந்து வந்து சேராததால் அதை நான் அவளுக்குக் கொடுத்த கடனாகக் கருதி, வராத வட்டியை ஆண்டுதோறும் என் வருமானத்தில் சேர்ப்பார்களாம். ஒருமுறை கூடுதல் வரி கட்டினால் இது தீரும் என்றும் விதி இருக்கிறது. பணத்தோடு வந்தேன். இவ்வளவு கடன் பாக்கி என்று அவள் கையெழுத்திட்ட கடன் உறுதிக் கடிதம் இல்லை என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். அந்தப் படிவம் தங்கள் அலுவலகத்திலிருந்து அவளுக்கும் போயிருக்கிறது.

4. அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கேட்டாள்: "ஏண்ணா, ஏழு வருஷமா நான் உனக்குக் கடன்காரியாவா இருந்தேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" சட்டத்தின் கணக்கு வேறு என்று எவ்வளவோ சொன்னேன். "நீ சொன்னா ஆச்சா? அவங்க எழுதித் தரட்டும்" என்கிறாள். அந்தக் கடனை அடைக்கவென்று, பொத்தானுக்குத் துணி போர்த்தும் தன் இரண்டு இயந்திரங்களையும் விற்க விலை பேசிவிட்டாள். இந்த மாதம் 28-ஆம் தேதி எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவை போனால் அவள் கடையில் மிஞ்சுவது கல்லாப்பெட்டிதான்.

5. அம்மா, நான் கொடுத்தது கடனல்ல. கடன் என்றால் நான் மறக்கிற ஆள் இல்லை. வரியை முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு காசு குறைக்கச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை மட்டும் கேட்காமல், அவள் பெயரில் பாக்கி எதுவுமில்லை என்று 28-ஆம் தேதிக்குள் அவளுக்கு இரண்டு வரி எழுதி அனுப்புமாறு வேண்டுகிறேன்.

6. இனி இப்படி நேராது. நேற்று இருவரும் பேசி முடித்ததைத் தங்கள் கோப்புக்காக எழுதுகிறேன்: பெட்டி ஒன்றுக்கு 40. முப்பது நாள் தவணை. தப்பினால் வட்டி உண்டு. வட்டியைச் சேர்த்து எழுதச் சொன்னவள் அவள்தான்.

இடம்: கடை
தேதி: 11-ஆம் தேதி, இம்மாதம்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பொத்தான் வியாபாரி