பக்கத்து ட்ராக்கில் அப்பா

ஜூன் 4

இன்று புதுப் படம். எங்கோ எடுத்த வெளிநாட்டுப் படம், தமிழில் குரல் கொடுக்க வேண்டும். வயதான அப்பா, அவரோடு பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மகள். மகள் நான். முன்பெல்லாம் காதலியாகக் கூப்பிடுவார்கள். ஐம்பதை நெருங்கினால் இதுதான் வருகிறது.

"அப்பாவோடது பாதி முடிஞ்சுதுக்கா, கேட்டுக்கிட்டே பேசுங்க" என்று சவுண்ட் என்ஜினியர் ஹெட்போனைக் கொடுத்தார். மாட்டினேன்.

"யாரது, கதவைத் திற" என்றார் ஒரு கிழவர்.

என் அப்பா.

மூச்சு கொஞ்சம் இரைக்கிறது. மற்றபடி அதே குரல். நான் பேச வேண்டிய இடம் வந்து, கடந்தும் போய்விட்டது.

"என்னக்கா, வால்யூம் ஜாஸ்தியா?"

ஆமாம் என்றேன்.

ஜூன் 5

குழாயைத் திறந்தால்கூட அந்த இரைப்புதான் கேட்கிறது.

ஜூன் 9

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். போனவர் முழுசாகப் போயிருந்தால் தேவலை. அவருக்கும் குரல் கொடுக்கிற வேலைதான்; டிவியைப் போட்டால் வில்லனாக உறுமுவார், சாமியாராக ஆசி சொல்வார், சோப்பு விளம்பரத்தில் சிரிப்பார். அம்மா சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, யாரோ ஒரு நடிகனின் வாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

அம்மா இறந்தபோது போன் செய்தோம். வரவில்லை. அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். பக்கத்து வீட்டு டிவியில் அவர் யாரையோ "செல்லம்" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். அதோடு அறுந்தது. அதற்கப்புறம் "அப்பா" என்ற வார்த்தையைச் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன்.

டைரக்டர் இன்று சொன்னார்: "கோபம் தூக்கலா இருக்கு மேடம். அவ அதைத் தாண்டி வந்துட்டா."

"அவ வந்திருப்பா" என்றேன்.

ஜூன் 16

என்ஜினியர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்த ஐயா வந்து வந்து திரும்பிப் போயிடறாருக்கா. கடைசி சீன்ல ஒரே வரி. 'நான் வந்திருக்கணும்மா.' வாயைத் திறக்கிறாரு, சத்தம் வரமாட்டேங்குது. உங்க ட்ராக்கைக் கேட்டதும் யாருன்னாரு. பேரைச் சொன்னேன், அப்படியே உட்கார்ந்துட்டாரு. அவர் உங்க... அப்பாவாக்கா?"

தெரியாது என்றேன். இது ஒரு பதிலா?

"சேர்ந்து நின்னு பேசினா வந்துரும்னு டைரக்டர் நெனக்கிறாரு."

என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 17

நான் எதுக்குப் போகணும்? அவர் வந்தாரா?

ஜூன் 20

போனேன். ஏன் என்று எழுத வரவில்லை.

கண்ணாடி அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். சட்டைக் காலருக்குள் கழுத்து தொளதொளவென்று கிடந்தது. இந்தச் சின்ன உடம்பிலிருந்தா இத்தனை வருஷம் அந்த உறுமல் வந்தது? என்னைப் பார்த்ததும் "வா" என்றார் — உதடு மட்டும்தான் அசைந்தது.

ஒரே மைக். படத்தை ஓட்டினார்கள்.

"நான் வந்திருக்கணும்மா."

வந்துவிட்டது. திரையில் உதட்டோடு அச்சாக ஒட்டியது. அந்தக் கிழவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் அப்பா நிறுத்தவில்லை.

"போன் வந்துச்சு. மைக் முன்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். முடிச்சிட்டுப் போலாம்னு நெனச்சேன். முடிச்சப்புறம்... உன் மூஞ்சில முழிக்க தைரியம் வரல."

என்ஜினியர் நிறுத்தவில்லை. யாரும் நிறுத்தவில்லை.

நடிப்பா? வாழ்க்கை முழுக்க நடிச்ச தொண்டை, எதை வெச்சு நம்பறது? ஆனால் எச்சில் விழுங்கி, வார்த்தையை மென்று, பாதியில் குரல் கிறீச்சிட்டு — அவர் எதையும் இவ்வளவு மோசமாகப் பேசி நான் கேட்டதேயில்லை.

திரையில் மகளின் உதடு அசைந்தது. "பரவாயில்லப்பா." என் வரி. நான் பேசவில்லை. திரும்ப ஓட்டினார்கள். உதடு அசைந்து நின்றது. அறையில் அவருடைய இரைப்பு மட்டும்.

ஜூன் 23

டைரக்டரிடம் சொல்லிவிட்டேன், அந்த ஒரு வரிக்கு மட்டும் வேறு ஆளைப் போடுங்கள் என்று. என் சாயலில் பேசுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். கெட்டிக்காரி. அவர் காரணம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30

நான்தான் அப்பாவுக்குப் போன் செய்தேன். "படம் வந்திருக்கு. பார்க்க வர்றீங்களா?" "வரேன்." அவ்வளவுதான் பேச்சு.

பக்கத்துப் பக்கத்து இருக்கை. கடைசிக் காட்சி வந்தது. அந்தப் பெண் நன்றாகவே மன்னித்தாள். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இருட்டில் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும், "கடைசி வரி உன்னுது இல்ல" என்றார்.

"இல்ல."

"கேட்டதும் தெரிஞ்சுது."

வாடகைக் காரில் வழி முழுக்க இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். அவர் வீட்டு வாசலில் இறங்கியவர், கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கணும். தொண்டைக்கு. ஏதோ வெட்டி எடுத்துப் பார்க்கணுமாம்."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.